பாயை விரிப்பதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் கேபினட்டின் இரும்பு விளிம்பில் புறங்கை பட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதா? பல வீடுகளில் "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் ஒரு சிறு கசிவை உலோக உடலுக்கு அனுப்பும். அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போயாக வேண்டும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டிலேயே நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்ய ஆன்டி-ஸ்டேடிக் பாயை வாங்கி, அதன் வயரைச் சுவர் பிளக்கில் செருகுவது வெறும் சடங்குதான்.

பாய் எதற்கு? பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்சாரம் ஏறலாம். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது பாய்வது நமக்குத் தெரியாது. சில சிப்புகளுக்கோ 100 வோல்ட்டே அதிகம். உள்ளே இருக்கும் காப்புப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். அடிபட்ட பாகம் உடனே செத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. பாதி பழுதாகி, சில மாதம் ஓடிவிட்டு, பிறகு காரணம் தெரியாமல் தொங்க ஆரம்பிப்பதுதான் தொல்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று ஓரளவு காப்பாற்றுகிறது. ஏசி அறையில் அந்தச் சலுகை குறைந்துவிடும்.

பாய் நல்ல மின்கடத்தி அல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். சார்ஜ் சட்டென்று பாயாமல் மெதுவாக வடிய வேண்டும். பாயின் மூலையில் உள்ள பித்தான், அதில் மாட்டும் வயர், கையில் கட்டும் பட்டை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யும். வயருக்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒளிந்திருக்கும். தப்பித்தவறி 230 வோல்ட் பட்டாலும் உடம்பில் 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. அந்த ரெசிஸ்டரைத் தூக்கிவிட்டு "டைரக்டாக" வயர் இழுப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

வயரின் மறுமுனை போகவேண்டிய இடம் எர்த் ஒன்றுதான்: மூன்று பின் சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய துளை. எர்த் பின் மட்டும் இணைத்த பிளக் வாங்குங்கள். வெறும் கம்பியைத் துளையில் நுழைக்காதீர்கள். பழைய யோசனைப்படி தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வீண், இப்போது எல்லாம் பிவிசி. இவற்றைவிட மோசமானது, எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடும் வழக்கம். எங்கோ நியூட்ரல் கம்பி அறுந்தால், கேபினட் முழுக்க 230 வோல்ட்.

மல்டிமீட்டரில் ஃபேஸ்-எர்த் இடையே 230 வோல்ட் காட்டினால் மட்டும் நம்பிவிட வேண்டாம். பலவீனமான எர்த்தும் அப்படிக் காட்டும். எலெக்ட்ரீஷியனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரகாசமாக எரிந்தால் எர்த் இருக்கிறது. ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வீட்டில் அது உடனே விழுந்துவிடும். அதுவும் நல்ல சேதிதான். மங்கினால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும்.

எர்த்தே கிடைக்காத வாடகை வீடா? பவர் கார்டை உருவிவிட்டு, கைப்பட்டையின் கிளிப்பை கேபினட்டில் பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்டுங்கள். பாயின் வயரையும் அங்கேயே சேருங்கள். கையும் பாயும் கேபினட்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் பொறி பாய வழியில்லை. மண்ணோடு தொடர்பு இல்லாவிட்டாலும் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

எல்லாம் பூட்டியபின் பவர் போட்டுப் பார்க்கும்போது மறக்காமல் கைப்பட்டையைக் கழற்றுங்கள். மின்சாரம் ஓடும் இடத்தில் எர்த்தோடு கட்டிய கை இருக்கக் கூடாது.