எளிதிற் கிடைப்பதே மருந்து

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் பெரும்பாலும் உணவைப் பற்றிய பாக்களோடு நின்றுவிடுவர். முன் உண்டது செரித்தபின் உண்ண வேண்டும் என்பதும், அளவறிந்து உண்ண வேண்டும் என்பதும் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்குவன, தேர்விலும் கேட்கப்படுவன. அதிகாரத்தின் இறுதிப் பாவோ அத்துணைக் கவனம் பெறுவதில்லை. மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் அங்கே வகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்வோன் என்பன அவை. இவற்றுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிறைவெய்தாது.

உரையாசிரியர் பரிமேலழகர் இவ்வளவில் அமையவில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்பு கூறிப் பதினாறாக விரித்தார். அப்பதினாறனுள் மூன்று இங்கே நம் சிந்தனைக்கு உரியன. நோயுற்றவன் பொருள் உடையவனாய் இருத்தல் வேண்டும். தன் நோயின் நிலையை எடுத்துரைக்க வல்லவனாதலும் வேண்டும். மருந்தோ பிணி தீர்க்கும் ஆற்றலுடையதாவதோடு எளிதிற் கிடைப்பதாகவும் இருத்தல் வேண்டும். எளிதிற் கிடைத்தலைக் கொடுப்பவரின் இரக்கமாக அவர் கருதவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அதனை மருந்தின் இலக்கணமாகவே வைத்தார். கிடையாத மருந்து, வீரியம் எத்துணை மிக்கதாயினும், இலக்கணம் குறைந்த மருந்தே.

இந்த உரைகல்லைக் கையிற் கொண்டு ஊவா மாகாணத்து லுணுகலைக்கு வருவோம்.

மலையும் ஊரும்

பதுளையினின்று மட்டக்களப்பு நோக்கி இறங்கும் பெருந்தெருவில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையே அமைந்தது லுணுகலை. சிங்களத்தில் 'லுணு' என்பது உப்பு. 'கல' என்பது கல். உப்புக்கல் என்னும் பெயருடைய இவ்வூரைச் சூழ்ந்து ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அப்பால் மடுல்சீமை மலைகள். பட்டினத்தில் அரசாங்க வைத்தியசாலை உண்டு. சிறப்பு வைத்தியரைக் காணவேண்டின் பசறையைக் கடந்து பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கே செல்லுதல் வேண்டும்.

அத்தெருவின் இயல்பை வாசகர் அறிவர். 2021 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாள், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13 ஆம் கட்டைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து, பதினான்கு உயிர்களுக்குக் குறையாமற் கொண்டது. நோயாளி போகவேண்டிய வழியும் அதுவே. ஒரு புறம் மலைச்சுவர், மறுபுறம் பாதாளம். அத்தெருவை அடைவதற்கு முன்னே, லயத்திலிருந்து கல்லும் குழியுமான தோட்டப் பாதையிற் கீழிறங்க வேண்டியதும் உண்டு.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவத்துக்கு விலையில்லை. உலகிற் செல்வம் மிக்க நாடுகள் சிலவற்றிலுங் காணாத பெருமை இது. 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில், மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. இத்துணை வன்மை படைத்த நாட்டிலே, அதே 2016 இல் எடுக்கப்பட்ட குடித்தொகை சுகாதாரக் கணிப்பு மற்றொன்றையும் சொல்லிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர் அளவில். ஒரே நாடு, ஒரே சுகாதார அமைச்சு. குறையோ ஏறத்தாழ இருமடங்கு. இதன் காரணம் யாது?

இரு வேறு பாதை

காரணம் மருந்தில் இல்லை. மருந்து வந்த வழியில் உண்டு. தோட்டத்து மருத்துவம் குடிமகனின் உரிமையாகப் பிறந்ததன்று. உழைப்பாளியைப் பேணும் செலவாகப் பிறந்தது.

காப்பிக் காலத்தில் தென்னிந்தியாவினின்று வந்தோர் மன்னாரில் இறங்கி, காடு வழியே கால்நடையாக மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மாண்டோர் எண்ணற்றோர். 1872 ஆம் ஆண்டிலே தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1912 ஆம் ஆண்டில் அது திருத்தமாக வகுக்கப்பட்டது. லயங்களைத் துப்புரவாக வைத்தல், நோயாளரைக் கவனித்தல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறையுளும் அளித்தல் ஆகியவை தோட்டத்துரையின் கடமைகளாயின. நல்ல விதிகளே. ஆயின் கடமை துரையினுடையது. அதனைச் செய்தாரா என்று கேட்கும் வாய் தொழிலாளிக்கு இல்லை.

1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிற் கொக்கிப்புழுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கினர். அப்புழு மண்ணினின்று வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. மருந்து கொடுத்தால் புழு வெளிப்படும். மலங்கழிக்க ஒழுங்கான இடம் இல்லையாயின் மீண்டும் மண்ணிற் பெருகி, மீண்டும் காலிற் புகும். மலசலகூடமும் நல்ல தண்ணீரும் இல்லாத லயத்துக்கு மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. அன்று கற்ற அப்பாடம் இன்றும் பழையதாகவில்லை.

1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவிச்சி ஆகியோர் நோயாளி வருமளவும் காத்திராமல் வீடு தேடிச் செல்லும் முறை அங்கே தொடங்கிற்று. அம்முறை கிராமங்கள்தோறும் பரவித் தாய்மாரையும் சிசுக்களையும் காத்தது. தோட்டத்து வாயிலிலோ அது நெடுங்காலம் நின்றுவிட்டது. உள்ளே இருந்தது தோட்டத்து டிஸ்பென்சரியும், பட்டம் பெறாத வைத்திய உதவியாளரும்.

1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டிற் பறிபோன வாக்குரிமையும் இவ்வேறுபாட்டைக் கல்லிற் பொறித்தன. வாக்கில்லாதவனுக்குப் பிரதிநிதி இல்லை. பிரதிநிதி இல்லாதவனுக்கு வைத்தியசாலை கேட்பார் இல்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டப்புறத்து மரணங்கள் பெருகியமை அக்காலத்தைக் கண்டோர் நெஞ்சினின்று அகலாது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. 1990களிலே தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் முயற்சி தொடங்கிற்று. சில ஏற்கப்பட்டன, பல நின்றபடியே நின்றன. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை கிடைத்தது 2003 இலே. தோட்டத்து எல்லைக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடச் சட்டம் வழிவிட்டதோ 2018 இலேதான்.

விலையில்லா மருந்தின் விலை

பொருளுடைமை பற்றிய குறையை அரசாங்கம் நீக்கிவிட்டது என்பர். முழுவதும் நீங்கியதோ என்று பார்ப்போம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். அரை நாள் வேலை 'அரைப்பேர்'. கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி, நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாதந்தோறும் மருந்தெடுக்கப் பட்டினத்துக்குப் போவாளாயின், அன்று பேர் இல்லை. போக்குவரத்துக் காசு வேறு. பதுளைக்கு அனுப்பினால் துணைக்கு ஒருவர் வேண்டும். அவருடைய பேரும் போயிற்று. வீட்டிற் கைக்குழந்தை இருப்பின், மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கு வாராமல் அதனைப் பார்த்துக்கொள்வாள். வரவுப் பதிவேட்டிற் சில பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே மாதந்தோறும் ஒரே கிழமையில் விழும் வெறுமையின் பொருள், தோட்டப் பாடசாலைகளிற் கற்பித்தோர்க்கு நன்கு விளங்கும். கிளினிக் நாள் அது.

ஆகவே மருந்துக்கு விலையில்லை. மருந்தை அடைதற்கு விலை உண்டு. இரண்டு பேரும் ஒரு பிள்ளையின் பாடமும் அவ்விலை. அதனைக் கொடுக்க இயலாதவள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவாள். பின்னர் மயங்கி விழும்போது போவாள். அவளை அறியாமை உடையவள் என்று பழிப்பது எளிது. அவளோ கணக்கு அறிந்தவள், அறிந்தமையாலேயே போகாதவள்.

நாடெங்கும் இன்று 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வருகின்றது. 2016 இல் தொடங்கிய அச்சேவை போற்றற்குரியது. ஆயினும் வண்டிக்கு முகவரி வேண்டும். தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் அன்றித் தனக்கென ஓர் இலக்கமோ தெருப்பெயரோ இல்லாத லயக் காம்பராவை இராக்காலத்தில் எங்ஙனம் கண்டுபிடிப்பது? கொழுந்து லொறியிலே பிரசவவேதனைப்பட்ட பெண்களை ஏற்றிச் சென்ற காலம் முற்றிலும் போகவேண்டுமாயின், பாதையும் வேண்டும். கதவில் ஓர் இலக்கமும் வேண்டும்.

நோயைச் சொல்லும் தமிழ்

நோய்நிலையை எடுத்துரைத்தல் என்னும் இயல்பு தமிழாசிரியராகிய நமக்கு நெருங்கியது. வலியைக் குறிக்கத் தமிழில் எத்துணைச் சொற்கள் உள என்று எண்ணிப் பாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிவு, உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, திமிர், விறைப்பு. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. குடைவது காதும் எலும்பும், கடுப்பது சிறுநீர், பிடிப்பது முதுகும் நெஞ்சும், திமிர்ப்பது இரத்தம் ஓடாத கால். மலைநாட்டுப் பாட்டி ஒருத்தி இச்சொற்களை இடம் பிறழாது வழங்குவாள். தேர்ந்த மருத்துவருக்கு அவள் சொல்லே பாதிச் சோதனை.

அவள் எதிரில் இருப்பவர் தமிழறியாராயின் நிகழ்வது யாது? ஒன்பது சொற்களும் நெஞ்சைத் தொட்டுக் காட்டும் ஒரு கையசைவாய்ச் சுருங்கிவிடும். நெஞ்செரிவும் மாரடைப்பும் அக்கையசைவில் ஒன்றே. மருந்துப் பையில் எழுதப்பட்ட விதியை வீட்டில் வாசிப்பாரும் இல்லை. சிங்கள மருத்துவரையோ தாதியரையோ குறைகூறுதல் நம் கருத்தன்று. மொழி தெரியாமலும் பரிவோடு பார்ப்போர் பலர். நோயாளருக்காகத் தமிழ் கற்றோரும் உளர். எனினும் தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13 ஆம் திருத்தத்தால் நிறுவிய நாட்டிலே, ஒருத்தி தன் நோயைத் தன் மொழியிற் சொல்லுதல் மருத்துவரின் நற்குணத்தைப் பொறுத்ததாய் இருத்தல் தகாது.

செய்யத்தக்கன

முதலாவது, தோட்டத்து மருத்துவம் கம்பனியின் நலன்புரிச் செலவு என்னும் நிலை முற்றும் ஒழிதல் வேண்டும். தோட்ட நிலம் கம்பனியினுடையது, அங்கே நாம் எங்ஙனம் புகுவது என்று அரசினர் கூறுவதும், பிணி தீர்த்தல் அரசின் கடன், எம் கணக்கில் அத்துணைப் பணம் இல்லை என்று கம்பனியார் கூறுவதும் நெடுநாட் கேட்டவை. இரு கூற்றிலும் சிறிது உண்மை உண்டு. இரண்டுக்கும் நடுவே கிடப்பவள் நோயாளி. நிலம் யாருடையதாயினும் அதில் வாழ்பவள் குடிமகள் என்பதே முடிபு. ஆதலின் டிஸ்பென்சரிகள் அரசாங்க சேவையோடு இணைந்து, பட்டம் பெற்ற மருத்துவர் குறித்த நாளில் மலைக்கே வருதல் வேண்டும். நீரிழிவு மாத்திரை பெறுதற்காக ஒருத்தி ஒரு நாட் பேரை இழத்தல் கூடாது.

இரண்டாவது, கிளினிக் நாளில் அரைப்பேரேனும் ஊதியத்தோடு விடுதல் வேண்டும். உடல்நலம் உள்ள தொழிலாளியே கொழுந்து பறிப்பாள் என்பது 1872 இன் துரைமாருக்கே விளங்கிய பொருளியல். மூன்றாவது, பிரதேச சபைக்குக் கிடைத்த அதிகாரம் ஏட்டோடு நில்லாமல் பாதையாகவும் குடிநீராகவும் மலசலகூடமாகவும் மாறுதல் வேண்டும்.

நான்காவது நம் பாலது. தாதியராகவும் மருத்துவிச்சியராகவும் தமிழ்ப் பிள்ளைகள் சேர வேண்டுமாயின், உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்றிருத்தல் பெருந்துணையாகும். தோட்டப்புறத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு அரிது. கலைப்பிரிவு போதும் என்று நாமே பெண்பிள்ளைகளைத் திருப்பிவிடும் வழக்கமும் உண்டு. அருகிருந்து பணிசெய்வோன் என்னும் நான்காவது கூற்றுக்குப் பரிமேலழகர் கூறிய முதல் இயல்பு நோயாளியிடத்து அன்பு. அவ்வன்பும் நோயாளியின் மொழியும் உடைய பெண்கள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு உயிரியலும் இரசாயனமும் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்று ஊவாவின் கல்வி அதிகாரிகளிடம் வற்புறுத்திக் கேட்டல் இலக்கியச் சங்கங்களுக்குப் புறம்பான பணி அன்று. வலிக்கு நம் மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து, சிங்கள விளக்கத்தோடு வைத்தியசாலைகளுக்கு அளித்தலும் தமிழ்ப்பணியே. ஒரு மாணவர் மன்றம் ஒரு தவணைக்குள் முடிக்கக்கூடியது அது.

1978 ஆம் ஆண்டு அல்மா ஆட்டா நகரிலே கூடிய உலக நாடுகள், ஆரம்ப சுகாதாரம் மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அண்மையிற் சென்று சேரவேண்டும் என்று அறிவித்தன. அதனை அந்நாடுகள் புதுமையாகக் கண்டன. நம் உரையாசிரியர் அதற்குப் பன்னூற்றாண்டு முன்னரே, எளிதிற் கிடைத்தலை மருந்தின் இலக்கணத்துள் அடக்கிவிட்டார். பழம்பெருமை பேசுதற்கு இதனைக் கூறவில்லை. இலக்கணத்தைப் பாடஞ்செய்தவர்க்குப் பொறுப்பு மிகுதி என்பதற்காகவே கூறினோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. ஒன்றரை நூற்றாண்டாகத் தம் வியர்வையின் உப்பை இம்மலைகளில் இட்டவர் தோட்டத்து மக்கள். உப்புக்கல் என்று பெயர் பூண்ட ஊரிலிருந்து அவர்கள் கேட்பது பொன்னன்று, பொருளன்று. கிராமத்தில் உள்ளவனுக்குக் கிடைக்கும் அதே மருத்துவன், அதே மருந்து, அதே தொலைவில். அது தானமன்று. நெடுநாள் நிலுவையில் நிற்கும் கடன்.