கேளாமற் கூறிய தீர்ப்பு

சென்ற கிழமை எங்கள் பிராசீன பாடசாலை மாணவர் ஒருவர், யாப்பிலக்கண வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றார். வரும் சனிக்கிழமை வகுப்புக்குத் தம்மால் வரமுடியாதென்று தயங்கித் தயங்கிக் கூறினார். காரணம் வினவினேன். கொழும்பில் வெளிநாட்டு ஜாஸ் குழுவொன்றின் இசைநிகழ்ச்சி நடைபெறவிருக்கிறதாம். அதற்காக மூன்று மாதமாகப் பணஞ் சேர்த்து வருகிறாராம். கைப்பேசியிலே அறிவித்தலையும் காட்டினார்.

“அந்த இரைச்சலைக் கேட்கவா தம்பி, இரவு முழுதும் பஸ் வண்டியிலே குலுங்கிக்கொண்டு போகப்போகிறீர்?” என்றேன். வகுப்பிலே சிரிப்பெழுந்தது. என் வாக்குச் சாதுரியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவர் சிரிக்கவில்லை. “ஐயா கேட்டதுண்டா?” என்றார்.

கேட்டதில்லை. நூலைப் படியாமல் மதிப்புரை எழுதுவோரை இதே வகுப்பில் எத்தனையோ முறை ஏளனஞ் செய்தவன் நான். விடை கூற வாயெழவில்லை.

அவர் கைப்பேசியை மேசைமீது வைத்து ஓரிசையை ஒலிக்கவிட்டார். பியானோ விரைந்து தொடங்கிற்று. அசை பிரித்தே பழகிய செவி தன்னையறியாமல் எண்ணத் தலைப்பட்டது. தகதிமி, தகதகிட, தகதிமி, தகதகிட, மூன்றாம் முறையும் அவ்வாறே. நான்காம் முறை அதே ஒன்பது, தகிட, தகிட, தகிட என மும்மூன்றாய்ப் பிரிந்து வந்தது. சங்கீர்ணம்! நம் தவிற்காரர் விரலாற் சொல்லுங் கணக்கு அமெரிக்கர் ஒருவருடைய பியானோவில் எவ்வாறு ஏறிற்று?

அது டேவ் புறூபெக் என்பாரின் குழு 1959 இல் வெளியிட்ட ‘ரைம் அவுற்’ என்னும் இசைத்தட்டிலுள்ளது. என் வினாவுக்கு விடையோ அதற்கு முந்திய ஆண்டின் சுற்றுப்பயணம் ஒன்றிலே கிடைக்கிறது. 1958 இல் ஐக்கிய அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் புறூபெக்கின் நால்வர் குழுவைப் போலந்து, துருக்கி, இந்தியா, பாக்கிஸ்தான், ஈரான், ஈராக் முதலிய நாடுகளுக்கு அனுப்பிவைத்தது. இலங்கைக்கும் அவர்கள் வந்தார்கள். (1963 இல் டியூக் எலிங்டனின் பெருங்குழுவும் இவ்வாறே இங்கு வந்தது.) பனிப்போர்க் காலம் அது, சோவியத் ஒன்றியத்துக்கு எதிராகப் பீரங்கிக்குப் பதில் சக்ஸபோனை அனுப்பினார்கள் எனலாம். அஃது அனுப்பியவர்களின் நோக்கம். சென்றவர்களோ வாசித்ததோடு நில்லாமற் கேட்கவுஞ் செய்தார்கள். இஸ்தான்புல் நகரத் தெருவிலே வாசித்தோரிடம் புறூபெக் கேட்டெடுத்ததே அந்த ஒன்பது. சென்னையில், இடக்கையால் மிருதங்கம் வாசித்த மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு கூடி வாசித்தார்கள். அதே இசைத்தட்டில், சக்ஸபோன் வாசித்த போல் டெஸ்மண்ட் இயற்றிய ‘ரேக் ஃபைவ்’ ஐந்தெண்ணிக்கையில் நடக்கிறது. கண்டத்தை நம்மவர் தக, தகிட என இரண்டும் மூன்றுமாய்ப் பிரிப்பர். அவர் மூன்றும் இரண்டுமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். அவ்வளவே வேறுபாடு.

ஈண்டு இன்னொன்றும் சொல்லவேண்டும். நால்வருள் பாஸ் வாசித்த யூஜீன் றைற் கறுப்பினத்தவர். பிறநாடுகளில் அமெரிக்கச் சுதந்திரத்துக்குச் சான்றாக மேடையேற்றப்பட்ட அவரை, அந்நாட்டின் தென்பகுதிக் கல்லூரிகள் பல தம் மேடையில் ஏற்ற மறுத்தன. அவருக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவரை அழைத்துவரக் கேட்டபோது புறூபெக் இணங்கவில்லை. 1960 இல் ஒழுங்காகியிருந்த இருபத்தைந்து நிகழ்ச்சிகளில் இருபதுக்கு மேற்பட்டவை கைவிடப்பட்டன. பெருந்தொகைப் பணம் போயிற்று. ஆனால் றைற் குழுவிலே இருந்தார். அவர்கள் இலங்கைக்கு வந்துசென்ற அதே 1958 இன் மே மாதத்தில் இந்நாடு பட்டபாட்டை நினைக்குங்கால், இச்செய்தியை எளிதிற் கடந்துசெல்ல என்னால் முடியவில்லை.

“இசை கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, கொழும்புக்குப் போவானேன்?” என்று மாணவரைக் கேட்டேன், இம்முறை சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. “அன்றிரவு வாசிப்பதை மறுநாள் வாசிக்கமாட்டார்கள் ஐயா” என்றார். முதலில் எல்லாருஞ் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பராம். பின்னர் ஒவ்வொருவராக அதனை அவ்விடத்திலேயே கற்பனையால் விரிப்பர். ஏனையோர் காதாற் பின்தொடர்வர். ஈற்றில் மெட்டுக்கு மீள்வர். பல்லவியை எடுத்து நிரவல் செய்து மீள்வதைப் போன்றதென்று விளங்கிக்கொண்டேன்.

அப்போது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். அளவெட்டித் தட்சணாமூர்த்தியின் தவில் என்றால், எந்தக் கோயிலாயினும் நடந்தே போய், விடியும்வரை வீதியிலே நின்று கேட்டுத் திரும்புவார். அம்மேதை 1975 இல் மறைந்தபோது நான் சிறு பிள்ளை. அவருடைய ஒலிப்பதிவுகளைப் பிற்காலத்திற் பலமுறை கேட்டிருக்கிறேன், வியந்துமிருக்கிறேன். ஆயினும், நாதஸ்வரக்காரர் ஒரு சங்கதியைப் போட, தவில் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்த கணத்தைச் சொல்லும்போது தந்தையாரின் முகத்திலே தோன்றிய ஒளி, அந்தப் பதிவுகளைக் கேட்கும் என் முகத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை என்றே எண்ணுகிறேன். அவர் அங்கே நின்றவர்.

விடுமுறை கொடுத்துவிட்டேன். வகுப்பின் முன் நகைத்தமைக்கு அதே வகுப்பின் முன் வருத்தமுந் தெரிவித்தேன். இன்னுமொரு நுழைவுச்சீட்டுக் கிடைக்குமா என்றும், வேட்டி உடுத்து வந்தால் உள்ளே விடுவார்களா என்றும் அந்தத் தம்பியிடங் கேட்டுவைத்திருக்கிறேன். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.