"நாளைக்குப் படிச்சுக்கலாம்!" - 20 வருஷம் இழுத்த ‘அரியர்’!

வல்லம் வடகால்:-

பருவத்தேர்வு நெருங்கிவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்து டீக்கடைகளில் இரண்டு வகைக் கூட்டம். ஒன்று, ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்கள். இன்னொன்று, நோட்டும் கையுமாக நிற்கும் கல்லூரி மாணவமணிகள்!

"என்ன மச்சி, படிச்சாச்சா?"

"ஒரு டீ அடிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணும்!"

டீ முடியும். செல்போன் வெளியே வரும். ரூமுக்குப் போனால், என்றைக்கும் இல்லாத அதிசயமாக மேஜையைத் துடைக்கத் தோன்றும். மணி 11 ஆகிவிடும். "விடியக்காலை 4 மணிக்கு எழுந்து பாத்துக்கலாம்" என்று அலாரம் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அலாரம் மட்டும் எழுந்து கத்தும்!

சிரிக்கலாம். ஆனால் இந்த ‘நாளைக்கு’ வைக்கும் செலவு கொஞ்சநஞ்சமல்ல.

கேட் வாசலில் கேள்வி

வல்லம் வடகாலில் ‘சிப்காட்’ தொழிற்பூங்கா இருக்கிறது. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பிரம்மாண்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்டது. வேலை கூப்பிடு தூரத்தில்தான்! ஆனால் என்ஜினீயர் வேலைக்குப் போகிற புதுப் பட்டதாரியிடம் பல கம்பெனிகள் முதலில் கேட்பது, "அரியர் ஏதும் பாக்கி இருக்கா?" என்றுதான்.

ஒரே ஒரு பேப்பர் நின்றாலும் பட்டம் கைக்கு வராது.

கொரோனா காலக் கூத்து

2020 ஆகஸ்டு 26-ந்தேதி, அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், தேர்ச்சிதான் என்று அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். இறுதிப் பருவத் தேர்வுக்கு மட்டும் இது கிடையாது. மாணவர்கள் அவரை வாழ்த்திப் போஸ்டர் அடித்து ஒட்டினார்கள்!

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போனது. தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது, தேர்வு நடத்த வேண்டும் என்று 2021 ஏப்ரலில் ஐகோர்ட்டு கூறிவிட்டது. தள்ளிப்போட்ட பாடம் திரும்பவும் மேஜைக்கே வந்தது!

அதே 2021-ம் ஆண்டு இறுதியில், 2001-02 கல்வியாண்டு மாணவர்கள் வரை அரியரை முடிக்க அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அறிவித்தது. தேர்வுக் கட்டணத்தோடு கூடுதலாக 5 ஆயிரம் ரூபாய்! 20 வருஷத்துக்கு முந்தைய பேப்பர். இதற்குள் சிலருக்குப் பிள்ளைகளே கல்லூரி வயதை நெருங்கியிருக்கும்.

எல்லாமே சோம்பல் என்று சொல்லிவிடவும் முடியாது. தமிழில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடத்தில் திணறியவர்கள் உண்டு. குடும்பத்துக்காகப் பாதியில் வேலைக்குப் போனவர்களும் உண்டு. புரியாத பாடத்தைக் கண்டு பயந்தவன்தான் அதிகம் தள்ளிப்போடுகிறான்.

தக்காளி வைத்தியம்

இதற்கு மருந்து என்ன?

இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவருக்கும் 1980-களின் கடைசியில் இதே தொல்லை. சமையலறையில் இருந்த தக்காளி வடிவ மணிக் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு படித்தார். பிறகு அதையே ஒரு முறையாக்கினார். 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு. அவ்வளவுதான்! ‘பொமோடோரோ’ என்ற பெயரில் உலகமெங்கும் பரவிவிட்டது. இத்தாலிய மொழியில் அதற்குத் தக்காளி என்று அர்த்தம்.

இன்னொரு சங்கதி. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிஷம் கழித்து நடந்த பரீட்சையில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவில் நின்றது!

ஆகவே, விடிய விடியக் கண்ணைக் கசக்குவதைவிட, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து இரண்டு கேள்விக்கு எழுதிப் பார்ப்பது மேல்.

வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருக்கிறதா? "படி, படி" என்று கத்த வேண்டாம். "எந்தப் பாடம்ப்பா கஷ்டமா இருக்கு?" என்று இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.