துயிலெழும் கணிப்பொறி

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியபின், உப்பூர், தொண்டி, தேவிபட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களின் எளிய இல்லங்களிலும் கணிப்பொறி குடிபுகுந்தது. ஆயின், ஒருநாள் அது திரையில் ஓரிரு வெள்ளெழுத்து வரிகளோடு நின்றுவிட்டால், "பொறி செத்துவிட்டது" என்று பரண்மேல் ஏற்றிவிடுவோரும் நம்மிடையே உளர். செத்தது எது என்று அறிய, அதனுள் பணிபுரியும் பயாஸ், இயக்க முறைமை ஆகிய இரண்டையும் நாம் பிரித்தறிதல் வேண்டும்.

மின்சாரம் பாயும் நொடியில் நினைவகம் வெறுமையாக இருக்கும். விண்டோஸோ லினக்ஸோ வன்தட்டில் உறங்கிக் கிடக்கும். வன்தட்டைப் படிக்க மென்பொருள் வேண்டும். அம்மென்பொருளோ வன்தட்டிலேயே இருக்கிறது! இம்முடிச்சை அவிழ்ப்பதே பயாஸ். மின்சாரம் நின்றாலும் அழியாத வகையில், தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் பதிக்கப்பட்ட சிறு நிரல் அது. மையச் செயலகம் விழித்தவுடன் முதலில் அதனையே நாடும். பயாஸ், நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கும். பெரும்பழுது காணின் 'பீப்' ஒலி எழுப்பும். பின்னர் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கும். அச்சிறு நிரல் அடுத்ததை அழைக்க, படிப்படியாக இயக்க முறைமை எழும். கல்லூரி வாயிற்காவலர் விடியலில் கதவுகளைத் திறந்து, விளக்குகளைச் சரிபார்த்து, முதல்வர் வந்ததும் சாவிக்கொத்தை நீட்டுவதை ஒக்கும் இது.

அரசு வழங்கிய அம்மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. எதனை எழுப்புவது என்று நம்மைக் கேட்டது பயாஸ் அன்று. அது அழைத்த ஏற்றி நிரலே. காவலருக்கு முதல்வர் யாராயினும் ஒன்றுதானே!

இன்றைய பொறிகளில் பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பெற்றுள்ளது. 512 பைட்டு வரையறை அகன்றது; ஆயினும் விழிக்கும் வரிசை மாறவில்லை.

1999 ஏப்ரல் 26 அன்று 'செர்னோபில்' எனப்பட்ட நச்சுநிரல் பல கணிப்பொறிகளின் பயாஸ் சில்லையே அழித்தது. அவை நெகிழ்வட்டைக்கூடப் படிக்க இயலாமல் இருண்டு கிடந்தன. பொறியின் சாவு என்று அதனையே சொல்லலாம். மாறாக, தயாரிப்பாளரின் பெயர் திரையில் தோன்றியபின் பொறி நின்றால், பயாஸ் உயிரோடுள்ளது என்று கொள்ளலாம். வன்தட்டு பழுதாகாதவரை, கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு இயக்க முறைமையை மீண்டும் நிறுவலாம். நாளும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் தாய்ப்பலகையின் நாணயம் போன்ற சிறு மின்கலமே தீர்ந்திருக்கும். பயாஸைப் புதுப்பிக்கும்போது மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மின்வெட்டு நேரக்கூடிய பொழுதில் அதனைத் தொடங்கலாகாது.