பார்சலில் நமத்துப்போகாத பிஸ்கட்

முட்டை கிடையாது, பாலும் கிடையாது. ஓட்ஸ், மைதா, சர்க்கரை, வெண்ணெய், கோல்டன் சிரப் என்னும் சர்க்கரைப்பாகு, கொஞ்சம் சமையல் சோடா. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வீட்டுக்கு வீடு சுடும் அன்சாக் பிஸ்கட் இவ்வளவுதான். தேங்காய்த் துருவல் பிற்பாடு வந்து சேர்ந்தது.

1915-இல் துருக்கியின் கல்லிப்போலியில் போரிட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை (அன்சாக்) வீரர்களுக்கு வீட்டுப் பெண்கள் சுட்டு அனுப்பிய பலகாரம் இது என்பார்கள். பெரும்பகுதி ஊரிலேயே போர் நிதிக்காக விற்றுத் தீர்ந்தது என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். எப்படியானாலும் வாரக்கணக்கில் கப்பலேறிப் போகத் தாங்கும் பண்டம்தான். ‘அன்சாக்’ என்ற பெயர் மீது ஆஸ்திரேலியாவில் நூறாண்டுக்கும் மேலாகச் சட்டக் காவல் உண்டு. பிஸ்கட்டை ‘குக்கி’ என்று அழைத்து விற்கக் கூடாது!

முட்டை இல்லாததால் மாவில் ஈரம் குறைவு. மாவைப் பிடித்து ஒட்டவைக்கும் வேலையைப் பாகு செய்துவிடுகிறது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் பாகுக்கு இருக்கிறது: ஈரத்தைக் கட்டிப்போடுவது.

ரொட்டியையும் ஜாமையும் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். ரொட்டி நான்கு நாளில் பூஞ்சை பூக்கிறது. ஜாம் பல வாரம் கெடாமல் கிடக்கிறது. ஜாமில் உள்ள சர்க்கரை தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிகளுக்குக் குடிக்கக் கிடைப்பதில்லை. இப்படிக் கட்டுப்படாமல் இருக்கும் நீரின் அளவுகோலுக்கு ‘நீர்ச் செயல்பாடு’ என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு 1. கெட்டுப்போவதைத் தீர்மானிப்பது மொத்த ஈரம் அன்று, இந்த எண்தான் என்று 1950-களில் நிறுவியவரும் ஓர் ஆஸ்திரேலியரே: வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட். உணவை நஞ்சாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி சுமார் 0.86-க்குக் கீழே வளரவில்லை என்று 1953-இல் காட்டினார். பெரும்பாலான பூஞ்சைகள் 0.80-ஐ ஒட்டி அடங்கிவிடும். 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. தேன் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. மொறுமொறு பிஸ்கட் அதற்கும் வெகு கீழே.

நம் வீட்டு அதிரசமும் இதே கணக்குதான். வெல்லப்பாகு ஈரத்தைக் கட்டிப்போடுகிறது. முறுக்கின் வழி வேறு: எண்ணெயின் சூட்டில் ஈரமே ஆவியாகிப் போய்விடும்.

ஆனால் இந்த இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்தால் வம்பு. நீர்ச் செயல்பாடு அதிகமுள்ள பண்டத்திலிருந்து குறைந்ததற்கு ஈரம் தானாக நகரும். அதிரசம் விறைக்கும், முறுக்கு நமத்துப்போகும். முறுக்கின் மாவுப்பொருள் கண்ணாடிபோல் இறுகியிருப்பதால்தான் நொறுங்குகிறது. சிறிது ஈரம் பட்டாலே அது ரப்பராகிவிடும்.

கிருமி தொடாத முறுக்குக்குக் காற்றே எதிரி. எண்ணெயோடு ஆக்சிஜன் சேரச் சேரச் சிக்கு வாடை வரும். வெளிச்சம் அதை விரைவுபடுத்தும். அதனால் ஒளி புகாத தகர டப்பாவில், காலியிடம் மிஞ்சாமல் நிறைத்து மூடுவது நல்லது. சூடு ஆறும் முன் மூடினால் மூடியில் ஆவி வியர்த்து உள்ளேயே சொட்டும். பாட்டிமார் இதற்குத் திட்டியது வீண் இல்லை.

நீர்ச் செயல்பாடு மிகுந்த கிரீம் கேக்கைத் தபாலில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். அதிரசத்துக்கு ஒரு டப்பா, முறுக்குக்கு ஒரு டப்பா எடுத்துவையுங்கள்.