செவியும் ஊசி மருந்தும்

ஒரே நோய்க்காக, ஒரே மருந்தை, ஒரே அளவில் ஊசி மூலம் பெறுகின்றவர்கள் பலர். நோய் அனைவரையும் விட்டு நீங்குகிறது. ஆனால் அவர்களுள் ஒருவர் மட்டும் சில நாட்களில் பிறர் பேசுவது கேளாதவராகி விடுகிறார். மருந்தின் அளவு மிகவில்லை. கொடுத்த முறையிலும் பிழையில்லை. அப்படியிருக்க, அவர் ஒருவருக்கு மட்டும் இக்கதி நேர்வானேன்? இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடத்தில், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைஸின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர். அவருடைய ஆசிரியர் ஸெல்மன் வாக்ஸ்மன். 1952-இல் நோபெல் பரிசு ஆசிரியருக்கு மட்டுமே கிடைத்தது என்பது தனிக்கதை. பெனிஸிலினுக்கு அடங்காத காசநோய்க் கிருமி இம்மருந்துக்கு அடங்கியது. சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆயினும், மருந்து வழக்கத்துக்கு வந்த தொடக்கத்திலேயே, அதைப் பெற்றவர்களுள் சிலருக்குத் தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், காதிரைச்சல், கேளாமை ஆகியவை தோன்றுவதை வைத்தியர்கள் கண்டார்கள். பின்னர் வந்த நியோமைஸின், கானமைஸின், ஜென்டமைஸின், அமிகாஸின் முதலியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமினோகிளைகோஸைடுகள் என்பது இக்குடும்பத்தின் பெயர். பெனிஸிலின் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

நம் உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு குழல் உண்டு. அதனுள் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்பறியும் செய்தியாக மாற்றுவன இவையே. உடலெங்கும் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை நோக்க இது எவ்வளவு சிறிய சேனை! அதிலும் ஒரு மயிரணு அழிந்தால் மனிதனுக்கு வேறொன்று முளைப்பதில்லை. கோழிக்குஞ்சுக்கு முளைக்கிறது, நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மேற்சொன்ன மருந்துகள் இவ்வணுக்களுக்குள் எளிதில் புகுந்து நெடுநாள் தங்குகின்றன. அளவு மிகுந்தாலோ, நாட்பட்டுக் கொடுத்தாலோ, சிறுநீரகம் பழுதுற்று மருந்தை வெளியேற்ற இயலாவிட்டாலோ யாருக்கும் தீங்கு நேரலாம். அது வேறு. ஒரு சிலருக்கு வழக்கமான அளவே, சில வேளை ஒரே ஊசிகூட, போதுமானதாகி விடுவதுதான் புதிர்.

இப்புதிரை அவிழ்க்க, மருந்து கிருமியை எவ்வாறு கொல்லுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒவ்வோர் உயிரணுவிலும் புரதங்களைச் செய்யும் பட்டறைகள் உள்ளன. ரைபோஸோம் என்று பெயர். பாக்டீரியாவின் ரைபோஸோமில் ஒரு குறிப்பிட்ட பள்ளத்தில் இம்மருந்து சென்று பொருந்திக்கொள்கிறது. உடனே பட்டறை தடுமாறித் தவறான புரதங்களைச் செய்யத் தொடங்குகிறது, கிருமி மடிகிறது. நம் அணுக்களின் ரைபோஸோம் சற்றே வேறு அமைப்புடையது. ஆகவே நாம் பிழைக்கிறோம்.

ஆனால் நம் அணுக்களுக்குள் இரண்டாவது வகைப் பட்டறை ஒன்றும் உண்டு. அணுவுக்கு வேண்டிய சக்தியை ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்த் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள். 1967-இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இக்கொள்கையை வலியுறுத்தியபோது நகைத்தவர் பலர். இன்று அதை மறுப்பார் அரியர். விருந்தாளியாய் வந்து வீட்டாராகிவிட்ட இவை, தம் பழைய உடைமைகள் சிலவற்றை இன்னும் கைவிடவில்லை. அவற்றுக்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு, 16,569 எழுத்துகளும் 37 மரபணுக்களும் கொண்டது. 1981-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் அதை முழுவதும் படித்து முடித்தார்கள். அவற்றுக்கெனத் தனி ரைபோஸோமும் உண்டு. அது பாக்டீரியாவின் ரைபோஸோமுக்கு உறவுடையதே. ஆயினும், நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்ததால் முகச்சாயல் மாறிவிட்டது. அந்த மாற்றமே நம்மைப் பெரும்பாலும் காக்கிறது.

1993-ஆம் ஆண்டில், ஓர் அராபிய-இஸ்ரேலியக் குடும்பத்தையும், மருந்தினால் செவியிழந்தோர் நிறைந்த சீனக் குடும்பங்கள் சிலவற்றையும் ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.யில் 1555-ஆம் இடத்தில் அடினைன் என்னும் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் குவானைன் இருந்தது. லகரம் நிற்குமிடத்தில் ளகரம் வந்தால் சொல்லின் பொருளே மாறுவதைத் தமிழ் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. இந்த ஓரெழுத்து மாறியதும், ரைபோஸோமில் தளர்ந்து கிடந்த ஒரு மடிப்பு எதிரிலுள்ள எழுத்தோடு இணைந்து இறுகிவிடுகிறது. இறுகிய வடிவம் பாக்டீரியாவின் வடிவத்தை ஒத்துவிடுகிறது. மறைந்த முகச்சாயல் மீண்டும் தோன்றுகிறது. பகைவனைத் தேடி வரும் மருந்து, சாயலைக் கண்டு ஏமாந்து நம்மவனையே தாக்குகிறது.

இனி இத்திரிபு எவ்வழி வருகிறது என்று பார்ப்போம். கருவுறும்போது தந்தையின் மைட்டோகாண்ட்ரியா குழந்தைக்குச் சேர்வதில்லை. தாயினுடையவை மட்டுமே சேர்கின்றன. நாஞ்சில் நாட்டில் முன்பு வழங்கிய மருமக்கள்தாயம் போன்ற சொத்துரிமை இது. தாய் தன் மக்கள் அனைவருக்கும் கொடுக்கிறாள். மகள் மேலும் கொடுப்பாள். மகன் தானே அனுபவிப்பான், பிறருக்குத் தரமாட்டான். ஆகவே உங்கள் தாய்மாமன் ஊசிக்குப்பின் செவியிழந்தவராயின் செய்தி உங்களைச் சேரும். அவருடைய பிள்ளைகளை அவர் வழியாகச் சேராது. சித்திக்கு நேர்ந்ததாயின் அவள் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் ஒருசேரப் பொருந்தும். சிற்றப்பனுக்கு நேர்ந்தது உங்களைத் தீண்டாது. ஆங்கிலத்தில் மாமனுக்கும் சிற்றப்பனுக்கும் ஒரே சொல். வைத்தியர் மேலும் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். தமிழில் உறவுமுறைச் சொல்லே பாதி விடையாகி விடுகிறது. தாய்வழியில் எவரேனும் ஊசி போட்டுக்கொண்டபின் காது கேளாதவர் ஆனதுண்டா என்ற கேள்வியை வைத்தியர் கேட்பதற்குமுன் வீட்டார் சொல்லிவிடுவது நன்று.

தாய் கொடுத்தாள் என்பதற்காக அவளைப் பழித்தல் பேதைமை. அவளும் தன் தாயிடம் பெற்றவளே. பெரும்பாலும் அவளுக்கே தெரியாது. உறவில் மணந்ததால் வந்த வினை என்பாரும் உண்டு. செவிக்குறைகள் வேறு சிலவற்றுக்கு அது காரணமாகலாம், இதற்கு அன்று. இன்னொன்றும் கூறவேண்டும்: இவ்வெழுத்துத் திரிபு உடையோர் எல்லோருக்கும் செவி போவதில்லை. மருந்தைத் தீண்டாமலே சிலருக்குப் போகிறது. அந்த அராபிய-இஸ்ரேலியக் குடும்பத்திற் பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே போயிற்று. வேறு சிலர் முதுமை வரை நன்கு கேட்கிறார்கள்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 2009-இல் வெளியான ஆய்வுகளின்படி, ஏறத்தாழ ஐந்நூற்றுவரில் ஒருவர் இத்திரிபை உடையவர். இத்தொகை சிறிதன்று. ஏனெனில், உயிருக்குப் போராடும் பச்சிளங்குழந்தைகளுக்கு இரத்தத்தில் கிருமி பரவியதென ஐயம் எழுந்தவுடன் ஜென்டமைஸின் கொடுப்பது இன்றும் பல நாடுகளில் வழக்கம். கொடாவிடில் குழந்தை இறக்கலாம். மலிவானதும் வலிமை வாய்ந்ததுமான இம்மருந்தைத் தூற்றுவோரோடு நான் சேரமாட்டேன். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தாக வேண்டும். மரபணுச் சோதனைக்கோ முன்பெல்லாம் பல நாட்கள் பிடித்தன. சோதனை முடிவு வருமுன் செவி போய்விடும்.

இந்த இடைவெளியை மான்செஸ்டர், லிவர்பூல் நகரத்து மருத்துவர்கள் கடந்தார்கள். குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்து, கட்டிலருகிலேயே ஒரு சிறு கருவியில் இட்டு, 26 நிமிடங்களில் விடை காணும் முறையை அவர்கள் கையாண்டார்கள். 2022-இல் வெளியான அவர்கள் ஆய்வில் 751 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மூவரிடம் 1555-ஆம் எழுத்து மாறியிருந்தது. அம்மூவருக்கும் ஜென்டமைஸின் விலக்கப்பட்டு வேறு மருந்து தரப்பட்டது.