தைக்கூடம் பாலத்தார்

திருப்பூணித்துறையிலிருந்து வைட்டிலா செல்லும் வழியில் தைக்கூடம் என்றோர் இடம் உண்டு. அங்குள்ள பாலத்தருகே ஒரு வீட்டில் கூடிப் பாடிப் பழகிய இளைஞர்கள், வேறு பெயர் தேடாமல் 'தைக்கூடம் பிரிட்ஜ்' என்றே தம் குழுவுக்குப் பெயர் சூட்டினர். 2013-இல் இதனைத் தொடங்கியவர்கள் கோவிந்த் மேனன், சித்தார்த் மேனன் என்னும் உறவினர் இருவர். முன்னவரே, கோவிந்த் வசந்தா என்ற பெயரில் '96' படத்துக்கு (2018) இசையமைத்து நம் தமிழர் நெஞ்சில் இடம்பிடித்த வயலின் கலைஞர்.

ராக் குழுவென்றால் ஒருவர் முன்னின்று பாட, ஏனையோர் வாசிப்பதே பெருவழக்கு. இங்கோ பாடகர் பலர். கோவிந்தின் தந்தை பீதாம்பர மேனனும் அவர்களுள் ஒருவர்! கப்பா தொலைக்காட்சியின் 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சி இவர்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. மீன் பெயர்களை அடுக்கிப் பாடும் 'ஃபிஷ் ராக்' கேட்டுச் சிரிக்காதவர் யார்?

2015-இல் 'நவரசம்' வந்தது. கருநாடக இசைக்குரலும் முழங்கும் கிட்டாரும் அதில் கைகோத்தன. 2022-இல் வெளியான 'காந்தாரா' படத்தின் 'வராஹ ரூபம்' பாடல் அதன் நகலே எனக் குழுவினர் வழக்குத் தொடுத்தனர். அக்டோபரில் கோழிக்கோடு நீதிமன்றம் பாடலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆண்டிறுதிக்குள் தடை நீங்கிற்று. ராகம் ஒன்றானதால் வந்த ஒற்றுமையே என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

ராகம் எவருக்கும் தனிச்சொத்தன்று, மெய்தான். தோடியை எத்தனை பேர் பாடவில்லை! ஆயின், அதனை எவ்விதம் கிட்டாரோடு பிணைத்தனர் என்பது உழைத்தவர்க்கு உரியதன்றோ? ஐயமுள்ள அன்பர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும்.